நித்திய கல்யாணிக் கஷாயம்: சர்க்கரை குறையுமா, தொடர்ந்து குடிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும்தான். மூன்று மாதமாகத் தினமும் காலையில் ஏழெட்டு நித்திய கல்யாணிப் பூக்களையும் ஒரு கைப்பிடி இலையையும் கொதிக்க வைத்து வெறும் வயிற்றில் குடிக்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 160-லிருந்து 130-க்கு வந்திருக்கிறது. "புற்றுநோய் மருந்தையே இதிலிருந்துதான் எடுக்கிறார்கள், அப்படிப்பட்ட செடி உடம்புக்கு என்ன கெடுதல் செய்துவிடும்?" என்று அம்மா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. இது சர்க்கரையைக் குறைக்குமா? புற்றுநோய் மருந்து தரும் செடி என்பதால் பாதுகாப்பானதா? மூன்றாவதை நீங்கள் நேராக எழுதவில்லை, ஆனால் எழுத்தில் தெரிகிறது: மூன்று மாதம் குடித்ததில் அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம். அந்த பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். பதற வேண்டாம். அம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார், காய்ச்சல் இல்லை, கைகால் மரத்துப்போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; பெரிய பாதிப்பு இல்லை என்று நம்ப அது இடம் தருகிறது. ஆனால் கஷாயத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நிறுத்தவே கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனை தேவை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மருந்தாளுநர். மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பகுதி புற்றுநோய்ப் பிரிவுக்கு ஊசி மருந்துகளைக் கலந்து கொடுப்பதில் போனது. நித்திய கல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டையும் ஆயிரக்கணக்கான முறை கையாண்டிருக்கிறேன். சித்த மருத்துவம் படித்தவன் இல்லை. மூலிகைகளை நான் அணுகுவது அவற்றின் வேதிப்பொருள்கள் வழியாகத்தான். இந்தப் பதிலை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

செடியைப் பற்றிக் கொஞ்சம். ஆண்டு முழுவதும் பூப்பதால் நித்திய கல்யாணி. எங்கும் தானாக முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர். அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடுகள் இதை மேயாமல் ஒதுங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பல்கள் வழியாக வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. 1759-இல் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னால் அது கேதராந்தஸ் ரோசியஸ் ஆனது. அதனால், "ஆயிரக்கணக்கான வருடமாக நம் முன்னோர் குடித்தது" என்று யாராவது சொன்னால் அது இந்தச் செடிக்குப் பொருந்தாது. இன்னொன்று: ஆங்கிலத்தில் பெரிவிங்கிள் என்ற ஒரே பெயரில் இதையும் வின்கா மைனர் என்ற ஐரோப்பியக் கொடியையும் அழைக்கிறார்கள். இரண்டின் வேதிப்பொருள்களும் வேறு. அதைப் பற்றி எழுதியதை இதற்குப் பொருத்தி, ஞாபக சக்திக்கு நித்திய கல்யாணி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பிழை.

போன இடமெல்லாம் மக்கள் இதை மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். குளவி கொட்டினால் இலைச்சாறு தடவுவது, அதிக மாதவிடாய்க்கு இலைக் கஷாயம், ரத்தக் கொதிப்புக்கு வேர், எல்லாவற்றையும் விடப் பரவலாகச் சர்க்கரை நோய்க்கு இலையும் பூவும். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல நாடுகளில் சர்க்கரைக்குத்தான் இது என்று ஒரே பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆராய்ச்சியாளர்களும் அலட்சியம் செய்யவில்லை. அம்மா கேட்கும் அதே கேள்வியை எழுபது வருடங்களுக்கு முன்பே சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கதையை அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

1952-இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். இன்சுலின் கிடைக்காதபோது அங்கே சர்க்கரை நோயாளிகள் இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், ஆராய்ந்து பாருங்கள் என்பது செய்தி. கிளார்க் நோபிளுக்கு இளவயதில் இன்சுலின் ஆராய்ச்சியோடு தொடர்பு இருந்தது. தான் ஓய்வு பெற்றுவிட்டதால் இலைகளைத் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் அப்போது வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இலைச்சாற்றை வாய் வழியாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரையில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. சரி, வயிற்றில் கெட்டுப்போகிறதோ என்னவோ என்று ஊசி வழியாகச் செலுத்தினார்கள். அப்போதும் சர்க்கரை அசையவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் எலிகள் சாகத் தொடங்கின. உடல் முழுவதும் கிருமித் தொற்று, சீழ்க்கட்டிகள். ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை வேலை செய்வதை நிறுத்தியிருந்தது.

சர்க்கரைக்கு மருந்து தேடியவர்கள் அங்கேயே நின்று யோசித்தார்கள். வெள்ளணுக்களை இப்படி ஒடுக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயில் பயன்படுமே! வேதியியலாளர் சார்லஸ் பீர் 1954-இல் சேர்ந்து, நாலைந்து வருட உழைப்பில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் இதே செடியில் தனியாக வேலை செய்து அங்கேயே வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவது மருந்தான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் அதற்கு முன் ஏறக்குறைய மரண தண்டனை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையின் தூண்களில் ஒன்று வின்கிரிஸ்டின். இந்தச் செடிமேல் எனக்கு இருக்கும் மரியாதை அங்கிருந்து வருவது. அந்தக் குழந்தைகளில் சிலர் வளர்ந்து ஆளாகி வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி மரபுப் பொருளை இரு பக்கமும் இழுக்கும். அந்த இழை உருவாவதை இந்தப் பொருள்கள் தடுக்கின்றன. செல் பாதியில் மாட்டிக்கொண்டு சாகிறது. புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. வேகமாகப் பிரியும் எதையும் தாக்கும்: எலும்பு மஜ்ஜை, முடி வேர், வாய் மற்றும் குடலின் உள்தோல். நரம்புகளுக்குள்ளும் அதே மாதிரி இழைகள் இருப்பதால் வின்கிரிஸ்டின் நரம்புகளையும் கெடுக்கும். விரல் நுனி மரத்துப்போகும், கடுமையான மலச்சிக்கல் வரும். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டோம். ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது அது. கலக்கும்போது கையுறை, மேலங்கி, தனிக் கூண்டு. சிரைக்கு வெளியே சிந்தினால் சதை அழுகும். தவறி முதுகுத்தண்டு நீரில் போட்டால் உயிரே போகும். அதனால்தான் சிரை வழியாக மட்டும் என்று எச்சரிக்கை ஒட்டாமல் அந்த மருந்து எங்கள் அறையை விட்டு வெளியே போகாது. "புற்றுநோய் மருந்து இதில் இருக்கிறது, அதனால் நல்லது" என்று அம்மா சொல்கிறாரே, எனக்கு அதே வாக்கியம் "அதனால் கவனம்" என்றுதான் முடிகிறது.

இப்போது மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் டம்ளரில் வின்கிரிஸ்டின் எவ்வளவு இருக்கும்? மிக மிகக் குறைவு. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். 1 கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ. அதிலும் பூவைவிட இலையில்தான் அதிகம். வாய் வழியாகப் போனால் இவை சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை, அதனால்தான் ஊசியாகப் போடுகிறோம். ஆகவே ஒரு டம்ளர் கஷாயத்தைக் கீமோதெரபி ஊசி மாதிரி நினைத்து அலற வேண்டியதில்லை. இதே கணக்கு, புற்றுநோய்க்கு இதைக் குடித்தால் குணமாகும் என்பவர்களுக்கும் பதில். அந்த அளவில் புற்றுநோயை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் ஏன் நிறுத்தச் சொல்கிறேன்? இந்தச் செடியில் இருப்பது அந்த இரண்டு பொருள்கள் மட்டும் இல்லை. ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருள்கள் மட்டுமே நூற்றுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். விண்டோலின், கேதராந்தின் ஆகியவை இலையில் கணிசமாக இருக்கின்றன. வேரில் அஜ்மலிசின், செர்பென்டின் இருக்கின்றன. அஜ்மலிசின் ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும், இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும், பச்சைக்கும் காய்ந்ததற்கும் அளவு மாறும். இன்றைய டம்ளரும் நாளைய டம்ளரும் ஒன்றில்லை. ஊசி மருந்தில் ஒரு மில்லிகிராமுக்கு நாங்கள் படும் பாட்டை நினைத்தால், கைப்பிடிக் கணக்கில் தினமும் குடிப்பது என்னைக் கவலைப்படுத்துகிறது. கவலை வெறும் கற்பனையும் இல்லை. இந்தச் செடியைப் புற்றுநோய் மூலிகை என்று நம்பி உட்கொண்ட ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை கடுமையாக ஒடுங்கியதைத் தைவான் மருத்துவர்கள் 2004-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதாக நடப்பதுதான். ஆனால் வாய் வழியாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அந்த ஒரு பதிவு போதும்.

என் அனுபவத்திலும் ஒன்று. கீமோதெரபி ஊசி சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு வெள்ளணுக்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கி, மீண்டு ஏறவும் தாமதமானது. மருந்துப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. பிறகு அவர் மனைவியிடம் பேசும்போதுதான், வீட்டில் தினமும் நித்திய கல்யாணி இலைக் கஷாயம் கொடுத்துவந்தது தெரிந்தது. காரணம் அதுதான் என்று நான் நிரூபிக்க முடியாது. நோயும் ஊசியும் சேர்ந்தும் அப்படிச் செய்யும். ஆனால் அன்பினால் செய்த ஒன்றை எங்களிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. திட்டுவார்கள் என்று பயந்திருக்கிறார்கள். அதிலிருந்து, என்ன மூலிகை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் முகம் சுளிக்காமல் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சர்க்கரைக் கேள்விக்கு வருவோம். சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்ததாகப் பிற்பாடு பல ஆய்வுகள் வந்தன. விண்டோலின் வகைப் பொருள்களுக்கு அந்தக் குணம் இருக்கலாம் என்று செல் ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே நம்பிக்கை முழுக்க ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எலியில் கண்டதற்கும் மனிதர்களில் இவ்வளவு குடித்தால் இவ்வளவு குறையும், இத்தனை வருடம் பாதுகாப்பு என்று சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம். அந்தத் தூரத்தைக் கடந்த மனித ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு 160 எப்படி 130 ஆனது? கஷாயம் காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியிலேயே, இதே மூன்று மாதத்தில் அவர் காலை நடையும் தொடங்கினார், இனிப்பையும் விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் 30 குறைவது சாதாரணமாக நடக்கக்கூடியது. அந்தப் பெருமையை அம்மாவுக்கே கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், செடிக்குக் கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு தனிக் கவலை உண்டு. இந்தச் செடியின் கெடுதல்கள் சர்க்கரை நோயின் கெடுதல்களைப் போலவே இருக்கின்றன. பாதம் மரத்துப்போனால், சர்க்கரையால் வந்தது என்று விட்டுவிடுவார்கள். மலச்சிக்கல், வயிறு உப்புசம் வந்தாலும் அப்படித்தான். புண் ஆறத் தாமதமாகி அடிக்கடி காய்ச்சல் வந்தாலும் அதே விளக்கம். வெள்ளணுக்கள் குறைந்திருப்பது கடைசிவரை யாருக்கும் தோன்றாது. சர்க்கரை நோயாளிக்கு ஏற்கெனவே தொற்று எளிதில் வரும். அவருக்கு வெள்ளணுக்களும் குறைந்தால் காலில் ஒரு சின்னக் கீறல்கூடப் பெரிதாகிவிடும். அம்மாவுக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்பதால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைக் குடித்தால் அந்த ஆபத்தும் உண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் வேரைக் கஷாயம் வைத்தால் அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம்.

யார் எந்தக் காரணத்துக்காகவும் குடிக்கவே கூடாது என்றால் கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்கு முயல்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள். செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் கருவுக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. கீமோதெரபியில் இருப்பவர்களைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். குளவி கொட்டிய இடத்தில் இலைச்சாறு தடவுவதில், தோல் கிழியாமல் இருந்தால், எனக்கு ஆட்சேபம் இல்லை. பலன் எவ்வளவு என்பது வேறு விஷயம். கண்ணில் படக் கூடாது. செடியை வீட்டில் வளர்ப்பதிலோ பூவைப் பறிப்பதிலோ எந்த ஆபத்தும் இல்லை, பிடுங்கிப் போட வேண்டாம்.

அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். "மூலிகை எல்லாம் வேண்டாம், மாத்திரைதான் நல்லது" என்று ஆரம்பித்தால் காது கொடுக்க மாட்டார். வேறு ஒன்றைச் சொல்லுங்கள். அவர் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினே ஒரு பூச்செடியின் வழி வந்ததுதான். கலேகா அஃபிசினாலிஸ் என்று ஐரோப்பாவில் ஒரு செடி, ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். அதை மேய்ந்த ஆடுகள் செத்துப்போனதும் உண்டு. அதில் இருக்கும் கலேகின் சர்க்கரையைக் குறைக்கும் என்று 1920-களில் கண்டுபிடித்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நச்சுத்தன்மை அதிகம் என்று கைவிட்டார்கள். அதே குடும்பத்து மூலக்கூறான மெட்ஃபார்மின் 1922-இல் ஆய்வகத்தில் உருவானது. 1957-இல் பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் அது மருந்தாகப் பரவியது. செடி காட்டிய வழியில் போய், நஞ்சை விலக்கி, அளவை அறிந்து செய்த மாத்திரை அது. நித்திய கல்யாணி விஷயத்தில் அந்த வேலை புற்றுநோய்க்கு நடந்து முடிந்தது. சர்க்கரைக்கு இன்னும் நடக்கவில்லை. அம்மா மாதிரி பூவின் சக்தியை நம்புகிறவருக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை. கஷாயத்தை நிறுத்துங்கள், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. அம்மாவின் மருத்துவரிடம் என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மாதம் என்று மறைக்காமல் சொல்லி, முழு ரத்த அணு எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகச் சோதனைகள், கூடவே எச்.பி.ஏ.1.சி. ஆகியவற்றை எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் ஒரு நாள் 130-ஐவிட நம்பகமானது. நிறுத்திய பிறகு இரண்டு வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறித்து வாருங்கள். ஏறாமல் அங்கேயே நின்றால், குறைத்தது நடையும் உணவுமே என்று அம்மாவே புரிந்துகொள்வார். ஏறினால் அந்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள், மாத்திரை அளவை மாற்ற இடம் இருக்கிறது. இதற்கிடையில் காய்ச்சல், வாய்ப்புண், காரணமில்லாத ரத்தக்கட்டு, ஈறில் ரத்தம், விரல்கள் மரத்துப்போவது, கண் மஞ்சளாவது, நாலைந்து நாள் மலம் போகாமல் வயிற்றுவலி, இவற்றில் எது வந்தாலும் பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அறிக்கை வந்ததும் வெள்ளணு, தட்டணு எண்ணிக்கைகளை எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.